கமடோர் 64இல் ‘ஸ்டில் அலைவ்’: எட்டு வருடப் பழக்கம்

‘போர்ட்டல்’ விளையாட்டை முடித்தவர்களுக்கு அந்தக் கடைசித் திரை மறந்திருக்காது. கறுப்புப் பின்னணியில் ஆரஞ்சு எழுத்துகள். இடது பக்கம் பாட்டு வரிகள், யாரோ தட்டச்சு செய்வதுபோல் ஒவ்வோர் எழுத்தாக வந்து விழும். வலது பக்கம் மேலே விளையாட்டை உருவாக்கியவர்களின் பெயர்கள், கீழே எழுத்துகளையும் குறிகளையும் அடுக்கி வரைந்த சின்னச் சின்னப் படங்கள். நாம் அப்போதுதான் தோற்கடித்த கிளாடோஸ் என்கிற கணினி, தனக்கு ஒன்றும் ஆகவில்லை என்று நிதானமாகப் பாடும். 2007 அக்டோபரில் வால்வ் வெளியிட்ட விளையாட்டு அது. ‘ஸ்டில் அலைவ்’ என்ற அந்தப் பாட்டை எழுதிய ஜொனதன் கூல்ட்டன், முழுநேர இசைக்கு வருவதற்கு முன் மென்பொருள் எழுதிக்கொண்டிருந்தவர். பாடியவர் கிளாடோஸுக்குக் குரல் கொடுத்த எலன் மெக்லெய்ன், ஓப்பரா பாடகி.

பழைய கணினிப் பிரியர்கள் இந்தப் பாட்டை விடாமல் பிடித்துக்கொண்டதற்குக் காரணம் அந்தத் திரைதான் என்பது என் எண்ணம். மற்ற விளையாட்டுகளின் பாட்டை கமடோர் 64 போன்ற 1982ஆம் வருட வீட்டுக் கணினிக்குக் கொண்டுவந்தால் காதுக்கு மட்டும்தான் விருந்து, படம் வராது. இதில் காட்சி முழுவதுமே எழுத்து. எழுத்தைக் காட்டத் தெரிந்த எந்தப் பெட்டியும் இதை நடத்திவிடும். பாடுவதும் ஒரு கணினி என்பதால் குரல் இல்லாவிட்டாலும் பொருத்தம் கெடுவதில்லை.

நான் முதலில் மற்றவர்கள் செய்த பதிப்புகளைத்தான் கமடோரை இன்றைய கணினியில் நடித்துக் காட்டும் வைஸ் எமுலேட்டரில் ஓட்டிக் கேட்டுக்கொண்டிருந்தேன். அப்புறம் ஆசை வந்து, கோட்டிராக்கர் என்ற இசை கோக்கும் மென்பொருளில் நானே இசையைக் கோத்தேன். கமடோர் 64இன் ஒலிச் சிப்பான சிட்டில் ஒரே சமயத்தில் மூன்று குரல்கள்தான் ஒலிக்கும். அதில் ஒன்று மெட்டுக்கு, ஒன்று பேஸுக்கு, ஒன்று பாட்டு முழுக்கப் பின்னால் நடக்கும் அந்த மெல்லிய ஆர்ப்பெஜியோவுக்கு, அதாவது ஒன்றன்பின் ஒன்றாகச் சிதறி வரும் சுரங்களுக்கு. டிரம்முக்கு இடமே இல்லை. அதனால் பேஸ் குரலையே ஓரிரு பிரேம்கள் (திரை ஒரு முறை புதிதாக வரையப்படும் நேரம் ஒரு பிரேம்) கடன் வாங்கி, இரைச்சல் அலையை ஒரு ‘டக்’ போட்டுவிட்டு உடனே திருப்பிக் கொடுக்க வேண்டும். எண்பதுகளில் இந்தச் சிப்புக்கு எழுதியவர்கள் தினமும் செய்த வேலைதான். என் கையால் செய்து அது சரியாக வந்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

ஒரு வாரம் தலையைப் பிய்த்துக்கொண்ட கதையும் உண்டு. எல்லாம் சரியாக இருந்தும் பாட்டு அவசரமாக ஓடியது. மூன்று நிமிடத்துக்குச் சற்றுக் குறைவான பாட்டு இரண்டரை நிமிடத்துக்குள் முடிந்துவிடும், சுருதியும் கொஞ்சம் மேலே நிற்கும். கடைசியில் பார்த்தால் எமுலேட்டரை நான் அமெரிக்க டிவி முறையான என்டிஎஸ்சியில் வைத்திருக்கிறேன். இசை நிரல் திரையின் ஒவ்வொரு பிரேமுக்கும் ஒரு முறை ஓடுவது. நம் ஊர் டிவி முறையான ‘பால்’ (PAL) என்றால் நொடிக்கு 50, என்டிஎஸ்சியில் 60. வேகம் 20 சதவீதம் கூடிவிடும். பிராசசரின் கடிகாரமும் இரண்டிலும் வேறு என்பதால் சுருதி கிட்டத்தட்ட 4 சதவீதம் ஏறும். நீங்கள் முயன்றால் முதலில் அந்த அமைப்பைப் பாருங்கள்.

அதன்பின் ஜெர்மனியிலிருந்து பழைய கமடோர் 64 ஒன்றை வரவழைத்தேன். அங்கும் ‘பால்’ முறைதான், மின்சாரமும் நம்முடையதோடு ஒத்துப்போகும். பரணில் கிடந்த 14 இன்ச் டிவியை இறக்கித் துடைத்துப் பொருத்தினேன். ‘போக் 53280,0’, ‘போக் 53281,0’ என்று தட்டியதும் ஓரமும் நடுவும் கறுப்பாயின. எழுத்துக்கு ஆரஞ்சு. டியூப் டிவியில் அந்த எழுத்துகளின் விளிம்பு லேசாகக் கசிந்து ஒளிரும். எல்சிடியில் எவ்வளவு முயன்றாலும் அது வரவில்லை.

குறை என்றால் முதலில் அகலம். வரிக்கு 40 எழுத்துகள்தான். திரையை இரண்டாகப் பிரித்தால் பாட்டு வரிகள் பாதியில் உடைந்து கீழே இறங்கிவிடும். வேறு வழியில்லாமல் பெயர்ப் பட்டியலை எடுத்துவிட்டேன், மனசில்லாமல்தான். இரண்டாவது, சிப். சிட்டின் பழைய வகையான 6581இல், ஒலியைச் செதுக்கும் பில்டர் ஒவ்வொரு சிப்புக்கும் ஒவ்வொரு மாதிரி இருக்கும். எமுலேட்டரில் உருண்டையாகக் கேட்ட பேஸ், என் கணினியில் மூக்கடைத்ததுபோல் கேட்டது. மாற்றுச் சிப் ஒன்று வாங்கினேன். மேலே புதிதாக எண் அச்சடித்த வேறு ஏதோ சிப் அது. சத்தமே வரவில்லை, பணமும் திரும்பவில்லை. வேறு இடத்தில் வாங்கிய 8580 என்ற பிந்தைய வகைச் சிட்தான் இன்றுவரை ஓடுகிறது. பேஸ் தெளிவு. ஆனால் 6581இன் அந்தக் கரகரப்பு இல்லாதது இந்தப் பாட்டுக்கு ஒரு நஷ்டம்தான்.

இடையில் நண்பர் ஒருவரின் வீட்டிலிருந்த விடி220 டெர்மினல் (வேறு கணினி அனுப்பும் எழுத்தைக் காட்டும் பழைய திரை) மூன்று மாதம் என்னிடம் இருந்தது. அம்பர் திரை, 80 எழுத்து அகலம். பைத்தானில் ஒரு சிறு நிரல் எழுதி, சீரியல் கேபிள் வழியாக வரிகளை அனுப்பினேன். இசை தனியாக ஸ்பீக்கரில். 9600 பாட் (baud) என்ற அனுப்பும் வேகத்தில் நொடிக்கு 960 எழுத்துகள் போகும், படங்கள் சட்டென்று வந்துவிடும். வேண்டுமென்றே 300க்கு இறக்கிப் பார்த்தேன். பாட்டு வரிக்கு அது போதும், ஆனால் 800 எழுத்துள்ள ஒரு படம் முடிய அரை நிமிடம் பிடிக்கும். படம் வரைந்து முடிப்பதற்குள் பாட்டு அடுத்த வரிகளுக்குப் போய்விடுகிறது. பார்வைக்கு மட்டும் என்றால் அந்த டெர்மினலை மிஞ்ச ஒன்றுமில்லை. திருப்பிக் கொடுத்த அன்று மேசை வெறிச்சென்று இருந்தது.

இத்தனைக்குப் பிறகும் மெக்லெய்னின் குரலுக்கு ஈடு கிடைக்கவில்லை. இயந்திரம் போலப் பதப்படுத்திய குரல்தான், இருந்தாலும் அதில் ஒரு மனத்தாங்கல் இருக்கிறது. அதை மூன்றில் ஒரு குரலில் கொண்டுவர பல்ஸ் அலையின் அகலத்தை மெதுவாக அசைத்துப் பார்த்தேன், நீளும் சுரங்களின் கடைசியில் மட்டும் அதிர்வு கொடுத்தேன். முக்கால் தூரம் வந்தது. போன மாதம் என் மகள் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுவிட்டு, “அப்பா, இதுவே பாடுதா, இல்ல எங்கிருந்தோ வருதா?” என்றாள். மூடியைக் கழற்றி, சிப்பைக் காட்டி, “இதோ, இதுதான் பாடுது” என்றேன். விரலை மேலே வைத்துப் பார்த்துவிட்டு, சூடா இருக்கே என்று எடுத்துக்கொண்டாள்.

பாட்டோடு திரையில் வரும் படங்களில் கேக் படம் இப்போது அவள் பொறுப்பு. கமடோரின் வரைகுறிகளை வைத்து, கட்டம் போட்ட நோட்டில் முதலில் வரைந்துகொண்டு வருகிறாள். மெழுகுவத்தி சரியாக வந்துவிட்டது. செர்ரிதான் வரவில்லை, நிரப்பிய வட்டக் குறி அவளுக்குப் பெரிதாகத் தெரிகிறதாம், புள்ளி போதவில்லையாம். எழுத்து வடிவத்தையே மாற்றி எழுதிக் கொடுக்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.