தூக்குக் கயிறா, ஓராண்டில் தீர்ப்பா?

குழந்தையைச் சிதைத்தவனைத் தூக்கில் போடு என்று கேட்கும்போது என் ரத்தமும் கொதிக்கிறது. அந்தக் கோபம் நியாயமானது. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012இன் போக்சோ சட்டத்தில் 2019இல் திருத்தம் வந்தது. கடுமையான பாலியல் வன்கொடுமைக்குக் குறைந்தது 20 ஆண்டுச் சிறை, அதிகபட்சம் மரண தண்டனை.

இன்னொரு வழி அதே சட்டத்தின் 35ஆம் பிரிவில் முதலிலிருந்தே இருக்கிறது. நீதிமன்றம் வழக்கை எடுத்த 30 நாளுக்குள் குழந்தையின் சாட்சியம், கூடுமானவரை ஓராண்டுக்குள் தீர்ப்பு. இதற்காக யாரும் ஊர்வலம் போவதில்லை.

சென்னைப் புறநகரில் 2017இல் ஏழு வயதுச் சிறுமி கொல்லப்பட்ட வழக்கை நினைத்துப் பாருங்கள். 2018இல் செங்கல்பட்டு மகளிர் நீதிமன்றம் தூக்கு விதித்தது. உயர் நீதிமன்றமும் உறுதி செய்தது. 2025இல் குற்றம் சரிவர நிரூபிக்கப்படவில்லை என்று உச்ச நீதிமன்றம் குற்றம் சாட்டப்பட்டவனை விடுதலை செய்துவிட்டது. அந்தப் பெற்றோருக்கு மிஞ்சியது என்ன? தண்டனையில் குறையில்லை, ஓட்டை புலனாய்வில்.

பெரும்பாலும் குற்றவாளி தெரிந்த ஆள்தான். மாமா, சித்தப்பா, பக்கத்து வீட்டு அண்ணன். "நீ சொன்னா மாமாவைத் தூக்குல போட்டுருவாங்க" என்று சொல்லிவிட்டால் எந்தப் பிள்ளை வாய் திறக்கும்? வீட்டுப் பெரியவர்களே அமுக்கிவிடுவார்கள்.

என்னைக் கேட்டால் இரண்டாவது வழிதான், ஓராண்டில் தீர்ப்பு. இப்போது ஒரு சிறுமியை எட்டு வயதில் நடந்ததைப் பன்னிரண்டு வயதில் கூண்டேறிச் சொல்லச் சொல்கிறோம். அதற்குள் அவள் அவன் போட்டிருந்த சட்டையின் நிறத்தை மறந்திருப்பாள். குறுக்கு விசாரணையில் முதல் கேள்வியே அதுவாக இருக்கும்.