ஹப்ஸோன் சான்றிதழ்: காசு கேட்காது, ஆள் கணக்கு கேட்கும்

பால்டிமோரில் அலுவலகக் கட்டடங்களுக்கு நெட்வொர்க் கேபிள் இழுப்பது, ஹெல்ப்டெஸ்க் பார்ப்பது என்று ஒரு சின்ன நிறுவனம் நடத்துகிறேன். அமெரிக்க அரசின் ஹப்ஸோன் சான்றிதழ் எங்களிடம் இருப்பது தெரிந்து நம்மவர்கள் பலர் விசாரிக்கிறார்கள். ஐந்து நட்சத்திரத்துக்கு மூன்றரை தருவேன்.

ஹப்ஸோன் என்று அரசு குறித்திருக்கும் ஏழ்மை மிகுந்த பகுதியில் அலுவலகம் வைத்து, அப்படிப்பட்ட பகுதிகளில் குடியிருப்பவர்களுக்கு வேலை கொடுக்கும் சிறு நிறுவனங்களுக்கு மத்திய அரசு தரும் முன்னுரிமை இது. 1997-ல் சட்டமானது. சிறுதொழில் நிர்வாகமான எஸ்.பி.ஏ. நடத்துகிறது. அரசின் நேரடி ஒப்பந்தப் பணத்தில் ஆண்டுக்கு 3 சதவீதம் இந்த நிறுவனங்களுக்குப் போக வேண்டும் என்பது இலக்கு. பெரும்பாலான ஆண்டுகளில் எட்டியதில்லை. ஆனாலும் பலன் நிஜம். சில டெண்டர்கள் ஹப்ஸோன்காரர்களுக்கு மட்டுமே ஒதுக்கப்படும். எல்லோரும் கலந்துகொள்ளும் டெண்டரில் பெரிய கம்பெனி பத்து லட்சம் டாலர் கேட்டால், நாம் பதினொரு லட்சம் வரை கேட்டாலும் நம்முடையதே குறைந்த விலையாக எடுத்துக்கொள்ளப்படும். இந்த 10 சதவீதச் சலுகை இன்னொரு சிறு நிறுவனத்துக்கு எதிராகச் செல்லாது. பின்தங்கிய நிலையிலுள்ளவர்கள் நடத்தும் சிறு நிறுவனங்களுக்கான 8(ஏ) திட்டம் ஒன்பது ஆண்டோடு முடிந்துவிடும். இதற்கு அப்படிக் கெடு இல்லை, தகுதி இருக்கும்வரை ஓடும்.

விண்ணப்பத்துக்குக் கட்டணம் கிடையாது. அதற்கு முன், அரசு ஒப்பந்தக்காரர்கள் பதிவு செய்யும் சாம் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும், அதுவும் இலவசம்தான். பதிவு செய்த கையோடு அரசாங்கத்திலிருந்து பேசுவதுபோல் போன் வர ஆரம்பிக்கும், சான்றிதழ் வாங்கித் தருகிறோம் என்று. எனக்கு வந்த ஆள் ஆயிரக்கணக்கில் டாலர் கேட்டார். போனை வைத்துவிடுங்கள். அரசு ஒப்பந்தம் தேடும் நிறுவனங்களுக்கு வழிகாட்ட அரசு உதவியோடு நடக்கும் ஏபெக்ஸ் ஆக்ஸிலரேட்டர் மையங்கள் இதே உதவியைச் சும்மாவே செய்கின்றன.

இன்னொன்று, நம்மவர்கள் பலர் இடறும் இடம். நிறுவனத்தில் குறைந்தது 51 சதவீதம் அமெரிக்கக் குடிமக்கள் கையில் இருக்க வேண்டும். கிரீன் கார்டு போதாது.

சரி, ஒன்றரை நட்சத்திரம் குறைந்தது எங்கே என்றால், 35 சதவீத விதியில். ஊழியர்களில் அத்தனை பேர் ஹப்ஸோன் பகுதிக்குள் குடியிருக்க வேண்டும். இருபது பேர் என்றால் ஏழு பேர். வேலை செய்கிற முதலாளியும் கணக்கில் சேர்த்தி. அதை நிரூபிப்பதுதான் பாடு. எங்கள் கேபிள் பையன் ஒருவனின் லைசென்ஸில் பழைய முகவரி, இருப்பது அக்கா வீட்டில், வாடகை ஒப்பந்தமும் கரண்டு பில்லும் அக்கா பெயரில். உண்மையிலேயே அந்தத் தெருவில் வாழ்பவன்தான், ஆனால் காகிதத்தில் எங்குமே இல்லை. ஏழ்மையான பகுதியில் இப்படித்தான் இருப்பார்கள், அவர்களுக்கான திட்டம்தானே இது!

2025 ஜனவரியிலிருந்து நான்கு வாரத்தில் 80 மணி நேரமாவது வேலை பார்ப்பவர்தான் ஊழியர். முன்பு மாதம் 40 மணி. பேருக்கு ஆள் சேர்த்துக் கணக்குக் காட்டியவர்களுக்கு வைத்த ஆப்பு; எனக்கு இதில் சம்மதமே. கூடவே, வருடா வருடம் இருந்த மறுசான்று மூன்று ஆண்டுக்கு ஒருமுறை என்று ஆனது. பெரிய நிம்மதி.

என்னை உறுத்துவது வேறு. நல்ல சம்பளம் வந்ததும் ஆள் பிள்ளைகளின் பள்ளிக்கூடத்துக்காக புறநகருக்குப் போகத்தான் பார்ப்பான். அவன் முன்னேறினால் என் சதவீதம் இறங்கும். இதற்காகவே, சான்று பெறும்போது அங்கே வசித்தவர் பிறகு இடம் மாறினாலும் எண்ணிக்கையில் வைத்துக்கொள்ள ஒரு வழி வைத்திருக்கிறார்கள். நிபந்தனைகள் உண்டு. அது மட்டும் இல்லையென்றால் இரண்டரைதான் கொடுத்திருப்பேன்.

சான்றிதழ் வந்தால் ஒப்பந்தம் தானாக வராது. கொள்முதல் அதிகாரிகளைப் பார்த்துப் பேசுவது, விலை போடுவது எல்லாம் அப்புறமும் நம் வேலை. சேவை ஒப்பந்தத்தில் வாங்கும் பணத்தில் பாதிக்கு மேல் ஹப்ஸோன் அல்லாத துணை நிறுவனங்களுக்குத் தள்ளிவிடவும் முடியாது. அரசு வேலையே வேண்டாம், தனியார் வாடிக்கையாளர் போதும் என்பவருக்கு இதில் ஒன்றுமில்லை.

இடம் தேடுபவர்களுக்கு ஒன்று. வாடகைக்கு விடுபவர் "இது ஹப்ஸோன்தான்" என்று அடித்துச் சொல்வார். எஸ்.பி.ஏ. வரைபடத்தில் கதவு எண்ணோடு நீங்களே போட்டுப் பாருங்கள். தெருவின் ஒரு பக்கம் உள்ளே, எதிர்ப்பக்கம் வெளியே இருக்கும். 2023 ஜூலையில் போட்ட வரைபடம் இது, ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை மாறும். ஐந்து வருட லீஸில் கையெழுத்துப் போடுமுன் இதையும் கணக்கில் வையுங்கள்.