டவுன்லோட் வேகத்துக்குக் காசு கேட்கும் கடைகள்: ரங்கூன்காரர்கள் கவனத்துக்கு

ரங்கூனில் லேப்டாப்பைப் பழுதுபார்க்கக் கொடுப்பவர்கள், திரும்ப வாங்கும்போது கடையிலேயே குரோமைத் திறந்து, வலது மூலையில் இருக்கும் மூன்று புள்ளிகளை அழுத்திப் பாருங்கள். பட்டியலின் அடியில் ‘உங்கள் நிறுவனம் நிர்வகிக்கிறது’ என்ற பொருளில் ஒரு வரி இருந்தால், காசைக் கொடுக்காமல் ஏன் என்று கேளுங்கள். சொந்த லேப்டாப்பில் அந்த வரிக்கு என்ன வேலை?

கோயிலில் தமிழ் படிக்கும் பிள்ளைகளுக்காகத் தமிழ்நாட்டு அரசுப் பாடநூல்களை பிடிஎஃப்பாக இறக்கிக்கொண்டிருந்தேன். இங்கே கரண்ட் போகிற லட்சணம்தான் தெரியுமே. கரண்ட் போனால் வைஃபையும் போகும், புத்தகம் பாதியில் நிற்கும். ஃபேன் மாற்றக் கொடுத்த கடையில் பேச்சுவாக்கில் இதைச் சொன்னேன். "டவுன்லோட் மேனேஜர் போட்டுத் தர்றேன் அண்ணே, விட்ட இடத்திலிருந்து தொடரும், வேகமும் கூடும்" என்று சொல்லி அதற்குத் தனியாகக் காசு வாங்கினார் கடைக்காரர்.

வீட்டில் திறந்தால் தேடல் பக்கமே மாறியிருக்கிறது. எந்தக் கோப்பை அழுத்தினாலும் முதலில் ஒரு விளம்பரப் பக்கம். ஆறாம் வகுப்புப் புத்தகத்தைக் கேட்டால் வந்து விழுந்தது ஓர் இஎக்ஸ்இ கோப்பு, அதாவது திறந்தால் கணினியில் ஓடும் நிரல்! அதைத் திறக்காமலே அழித்தேன். கடைக்காரர் போட்டது எக்ஸ்டென்ஷன், அதாவது குரோமோடு ஒட்டிக்கொள்ளும் துணை நிரல். அதை நீக்கலாம் என்று போனால் நீக்கும் பொத்தானே இல்லை. நிறுவனங்கள் தங்கள் ஊழியர்களின் கணினிக்குப் போடும் கட்டாய விதியை, விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமித்துவைக்கும் ரெஜிஸ்ட்ரியில் எழுதிவைத்து, அதன் வழியாக எக்ஸ்டென்ஷனைப் பூட்டியிருந்தார்கள். எல்லாத் தளங்களிலும் நம் தரவைப் படிக்கவும் மாற்றவும் அதற்கு அனுமதி இருந்தது. அதாவது நான் அடிக்கும் பாஸ்வேர்டு வரைக்கும்.

இதில் வயிற்றெரிச்சல் என்னவென்றால், விட்ட இடத்திலிருந்து தொடரும் வசதி குரோமிலேயே இலவசமாக இருக்கிறது. கன்ட்ரோலும் ஜேயும் சேர்த்து அழுத்தினால் டவுன்லோட் பட்டியல் வரும். நின்றுபோனதற்குப் பக்கத்தில் ‘தொடர்’ பொத்தான் இருக்கும். கரண்ட் போகும் நேரம் தெரிந்தால் முன்கூட்டியே நிறுத்தி வைக்கலாம். கோப்பை அனுப்பும் எதிர்ப்பக்க சர்வர் பாதியிலிருந்து கொடுக்கச் சம்மதிக்காவிட்டால் மறுபடி முதலிலிருந்துதான். எந்த மேனேஜரும் அதை மாற்ற முடியாது. வேகமும் அப்படித்தான். மேனேஜர்கள் ஒரே கோப்பைத் துண்டு துண்டாகப் பிரித்து ஒரே நேரத்தில் இழுக்கும். சர்வர் ஒவ்வோர் இணைப்புக்கும் வேக வரம்பு வைத்திருந்தால் அதனால் பலன் உண்டு. நம் வீட்டு லைனே மெதுவென்றால் துண்டு போட்டு என்ன ஆகப்போகிறது?

கடைக்குப் போய்க் கேட்டதற்கு, "சாஃப்ட்வேர் ஃப்ரீதான் அண்ணே, போட்ட கூலிக்குத்தான் காசு" என்றார். பணம் திரும்பவில்லை.

கடைசியில் விவரம் தெரிந்த தம்பி ஒருவர் ரெஜிஸ்ட்ரியில் குரோமின் கட்டாய விதிகளுக்கான பாலிசி பகுதியில் இருந்த அந்தப் பதிவை அழித்த பிறகுதான் எக்ஸ்டென்ஷன் போனது. பழக்கமில்லாதவர்கள் அங்கே கை வைக்காதீர்கள். விண்டோஸையே புதிதாகப் போட்டுவிடுவது மேல். பாஸ்வேர்டுகளை அந்த லேப்டாப்பிலிருந்து மாற்றாமல் போனிலிருந்து மாற்றுங்கள், வங்கியும் மின்னஞ்சலும் முதலில்.