தீர்மானமா, சட்டமா, ஒப்பந்தமா, வழக்கா? உறுப்பினரிடம் எதைக் கேட்பது

ஒரு நாடு இன்னொரு நாட்டு மக்களுக்கு இழைத்த கொடுமையை ஒப்புக்கொள்ள வைக்க வேண்டும் என்று நாடாளுமன்ற உறுப்பினருக்கு மனு எழுதுகிறவர்கள் பலர், ‘நீதி வேண்டும்’ என்பதோடு நிறுத்திவிடுகிறார்கள். உறுப்பினரின் கையில் இருப்பவை சில வழிகள்தான். எதைக் கேட்கிறோமோ அதைப் பொறுத்துத்தான் கிடைப்பதும்.

அதிகம் ஏளனத்துக்கு ஆளாவது தீர்மானம். அது யாரையும் சட்டப்படி கட்டுப்படுத்தாது. இரண்டாம் உலகப் போரில் ஜப்பானிய ராணுவம் பெண்களைப் பாலியல் அடிமைகளாக வைத்திருந்தது பற்றி 2007 ஜூலை 30இல் அமெரிக்கக் கீழவை நிறைவேற்றிய 121ஆம் தீர்மானமும் அப்படித்தான். அதைக் கொண்டுவந்த அவை உறுப்பினர் மைக் ஹோண்டா, ஜப்பானிய வம்சாவளியைச் சேர்ந்தவர். தீர்மானம் வந்ததால் ஜப்பான் புதிதாக மன்னிப்புக் கேட்டுவிடவில்லை. ஆனாலும் நான் இதைத்தான் முதலில் வைப்பேன். அந்தப் பிப்ரவரியில் கொரியாவின் லீ யோங்-சூ, கிம் கூன்-ஜா, ஜாவாவில் பிடிபட்ட டச்சுப் பெண் ஜான் ரஃப் ஓஹெர்ன் ஆகிய மூவரும் அமெரிக்கக் கீழவையின் துணைக்குழு முன் உட்கார்ந்து தங்களுக்கு நடந்ததைத் தாங்களே சொன்னார்கள். அது அவைப் பதிவில் ஏறிவிட்டது. இனி எந்த அரசு மாறினாலும் அழியாது. தீர்மானமும் மொட்டையாக இல்லை: தெளிவாக ஒப்புக்கொள், மன்னிப்புக் கேள், மறுப்பவர்களுக்குப் பதில் சொல், இளந்தலைமுறைக்குக் கற்பி என்று வரிசையாகக் கேட்டது. அதே ஆண்டு முடிவதற்குள் நெதர்லாந்து, கனடா, ஐரோப்பிய நாடாளுமன்றங்களும் இதே கோரிக்கையை எழுப்பின.

சட்டம் கேட்பதற்குக் கம்பீரமாக இருக்கும். 1915இல் ஒட்டோமான் துருக்கியர் நடத்திய ஆர்மேனிய இனப்படுகொலையை அங்கீகரித்து பிரான்ஸ் 2001இல் இயற்றிய சட்டம் ஒரே ஒரு வாக்கியம். அது நிலைத்தது. அதை மறுப்பவர்களைத் தண்டிக்க அடுத்து ஒரு சட்டம் வந்தபோது, கருத்துரிமைக்கு எதிரானது என்று 2012 பிப்ரவரியில் அரசியலமைப்பு மன்றம் தள்ளிவிட்டது. தண்டனையைச் சேர்த்தால் விவாதம் கொல்லப்பட்டவர்களை விட்டு விலகிப் பேச்சுரிமையின் பக்கம் போய்விடுகிறது. உறுப்பினரிடம் அதைக் கேட்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து.

அரசுகளுக்கு இடையிலான ஒப்பந்தத்தில் பணம் வரும். வலியை அனுபவித்தவர்கள் அறைக்கு வெளியே நிற்பார்கள். 2015 டிசம்பரில் ஜப்பானும் தென்கொரியாவும், மேலே சொன்ன பாலியல் அடிமைப் பெண்களின் விவகாரம் ‘இறுதியாகவும் மாற்ற முடியாதபடியும்’ முடிந்தது என்று அறிவித்தன. ஜப்பான் 100 கோடி யென் தந்தது. உயிரோடிருந்த பெண்களைக் கேட்காமல் செய்த முடிவு என்ற எதிர்ப்பு அடங்கவே இல்லை. அந்தப் பணத்தில் உருவான அறக்கட்டளையைக் கலைப்பதாகத் தென்கொரிய அரசே 2018இல் அறிவித்தது. 1904 முதல் 1908 வரை, தன் குடியேற்ற நாடாக இருந்த இன்றைய நமீபியாவில் ஹெரெரோ, நாமா மக்களைக் கொன்று குவித்ததற்காக ஜெர்மனி 2021இல் நமீபியாவுடன் பேசி முடித்த கூட்டறிக்கையிலும் இதே குறை. 30 ஆண்டுகளில் 110 கோடி யூரோ தருவதாகச் சொன்னார்கள். எங்களை விட்டுவிட்டுப் பேசினீர்கள் என்று அந்த மக்களின் தலைவர்கள் பலர் அதை ஏற்கவில்லை. இந்த வழியைக் கேட்பதானால், பாதிக்கப்பட்டவர்களுக்குப் பேச்சுவார்த்தையில் இடம் வேண்டும் என்பதை மனுவின் முதல் வரியிலேயே எழுதுங்கள்.

வழக்கு நம் உறுப்பினரின் வேலையல்ல என்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். கொடுமை செய்த நாட்டின் நீதிமன்றத்திலேயே தொடுக்கும்போது அது பலன் தந்திருக்கிறது: இந்தோனேசியாவில் டச்சு ராணுவம் ஆண்களைக் கொன்ற ராவகெடே கிராமத்து விதவைகளுக்கு நெதர்லாந்தின் ஹேக் நீதிமன்றம் 2011இல் நியாயம் வழங்கியது, கென்யாவில் காலனி ஆட்சியை எதிர்த்த மாவ் மாவ் கிளர்ச்சியின்போது சித்திரவதைக்கு ஆளானவர்களின் வழக்கின் முடிவில் பிரிட்டன் 2013இல் 5,228 பேருக்காக 1.99 கோடி பவுண்டு தர ஒப்புக்கொண்டது. வேறு நாட்டு நீதிமன்றம் என்றால், இறையாண்மை கொண்ட அரசை இங்கே விசாரிக்க முடியாது என்ற சுவர் நிற்கும். ஜப்பான் மீது கொரியப் பெண்கள் தொடுத்த வழக்குகளில், சியோலில் 2021 ஜனவரியில் அவர்களுக்குச் சாதகமாக ஒரு தீர்ப்பும் ஏப்ரலில் நேர்மாறான தீர்ப்பும் வந்தன.

எங்கே நின்று சொல்கிறார்கள் என்பதும் முக்கியம். 1914இல் கனடாவின் வான்கூவரிலிருந்து திருப்பி அனுப்பப்பட்ட கோமகாட்டா மாரு கப்பலில், குடியேற வந்த 376 இந்தியப் பயணிகள் இருந்தார்கள். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று கனடா கீழவை 2008 மே மாதம் தீர்மானம் நிறைவேற்றியது. ஆகஸ்டில் பிரதமர் ஹார்ப்பர் சர்ரே நகரில் ஒரு பூங்காவில் நடந்த விழாவில் மன்னிப்புக் கேட்டார். விழாவை நடத்தியவர்களே அதை ஏற்க மறுத்து, அவையில் வந்து சொல்லுங்கள் என்றார்கள். அடுத்த பிரதமர் ட்ரூடோ அவையிலேயே எழுந்து சொன்னது 2016 மே 18இல்தான். எட்டு ஆண்டுகள் விடாமல் கேட்டவர்கள் இருந்ததால் நடந்தது அது.

ஆகவே என் வரிசை இது: நேரடி சாட்சியத்தோடு கூடிய தீர்மானம் முதலில், அதைப் பிடித்துக்கொண்டு, அவையில் பிரதமரின் வாயால் மன்னிப்பு இரண்டாவது. சாட்சிகள் மூப்படைந்திருந்தால் விசாரணைத் தேதியை உடனே குறிக்கச் சொல்லுங்கள். தீர்மானத்தின் சொற்களைப் பிறகு செதுக்கலாம். நம் நாட்டுக்கும் அந்தக் கொடுமையில் பங்கு இருந்தால் அதையும் தீர்மானத்திலேயே எழுதச் சொல்லுங்கள். ஆர்மேனியர்கள் குறித்து 2016இல் தீர்மானம் போட்ட ஜெர்மன் நாடாளுமன்றம், அன்றைய ஜெர்மன் பேரரசு தடுக்காமல் இருந்த குற்றத்தையும் அதில் சேர்த்தது. துருக்கி கோபத்தில் தன் தூதரைத் திரும்ப அழைத்துக்கொண்டது. தீர்மானம் அப்படியே இருக்கிறது.