மாப் சைக்கோ 100: டெருவின் தலைமுடியோடு சில ஆண்டுகள்

டெருகி ஹனசாவாவை எனக்குப் பிடித்துப்போனதற்கு முதற்காரணம், அவனுடைய தலைமுடி போனதுதான். 2016 இல் முதல் பருவம் ஒளிபரப்பானபோது பார்க்கத் தொடங்கிய ஜப்பானிய அனிமே தொடர் இந்த 'மாப் சைக்கோ 100'. 2019 இல் இரண்டாம் பருவமும் 2022 இல் மூன்றாம் பருவமும் வந்து, 37 அத்தியாயங்களோடு கதை முடிந்துவிட்டது. இன்னமும் அவ்வப்போது எடுத்துப் பார்க்கிறேன். அப்படிப் பார்க்கும்போதெல்லாம் நாயகன் மாப்பைவிட இந்தத் துணைப் பாத்திரத்திடம்தான் கண் போகிறது. (கதை தெரிந்துவிடக் கூடாது என்பவர்கள் இத்துடன் நிறுத்திக்கொள்ளவும்.)

டெரு, மாப்பின் பள்ளிக்குப் பக்கத்துப் பள்ளியின் மறைமுகத் தலைவன். பொன்னிற முடி, நல்ல முகவெட்டு, சுற்றிலும் பெண்கள், போதாததற்கு மனோசக்தி. இந்த உலகக் கதைக்குத் தானே நாயகன் என்று உண்மையாகவே நம்புகிறவன். முரட்டு மாணவர்களின் சண்டைக்குள் இழுத்துவரப்பட்ட மாப்புக்கும் அதே சக்தி இருப்பது தெரிந்ததும் அவனால் தாங்க முடிவதில்லை. தன்னைத் தனித்துக் காட்டிய ஒரே பொருள் இன்னொருவன் கையிலும் இருக்கிறது. அவனோ அதை ஒரு பொருட்டாகவே மதிக்கவில்லை. மனிதர்கள் மேல் சக்தியைப் பயன்படுத்த மாட்டேன் என்று மாப் அடிவாங்கிக்கொண்டே நிற்க நிற்க, டெருவின் ஆத்திரம் ஏறுகிறது.

அந்தச் சண்டையின் நடுவில்தான் பறக்கும் கத்திகள் டெருவின் உச்சந்தலையை மழித்துவிட்டுப் போகின்றன. நடுவில் வழுக்கை, பக்கவாட்டில் தொங்கும் முடி. போரில் தோற்றோடும் பழைய ஜப்பானிய வீரனின் கோலம். அந்தக் கோலத்திலேயே அவன் மாப்பின் கழுத்தை நெரிக்கிறான். அதுவரை பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்த எனக்குச் சட்டென்று வயிறு கலங்குகிறது. மாப் மயங்கியதும் உள்ளே இருந்த வேறு ஏதோ விழித்துக்கொள்கிறது, பள்ளிக்கூடமே பெயர்கிறது, உடைகளும் பறிபோன டெரு வானத்தில் தொங்குகிறான். இத்தனைக்குப் பிறகு மாப் வெற்றிக் களிப்பில் சிரிக்கவில்லை. அழுகிறான். என் கணக்கில் டெருவை மாற்றியது அடியல்ல, அந்த அழுகைதான்.

இதன்பின் அவன் நல்லவனாகிறான் என்பது எதிர்பார்க்கக்கூடியதே. நான் எதிர்பாராதது, தொடர் அவனைக் கேலி செய்வதை நிறுத்தாததுதான். அடுத்துத் தோன்றும்போது தலையில் கோபுரம்போல் உயர்ந்த ஒரு டோப்பா. மாப்பின் தம்பி ரிட்சுவைக் கடத்திய கூட்டத்தின் இருப்பிடத்துக்குள் அவனும் துணையாகப் போகிறான். அதற்குள் கையில் திறமையும் பேச்சில் பக்குவமும் வந்துவிட்டன. பின்னாளில் முடி வளர்ந்துவிட்டாலும் உடை ரசனை மட்டும் கண்ணைக் கூசவைக்கும். மற்ற தொடர்களில் நண்பனான எதிராளிக்கு உடனே ஒரு கம்பீரத்தைப் போர்த்திவிடுவார்கள். பாவம், அத்தோடு அவன் சுவாரசியமும் போய்விடும். இங்கே கேலிக்குரியவனாகவே இருந்துகொண்டு அவன் நல்லவனாகிறான்.

குரலையும் சொல்ல வேண்டும். டெருவுக்குக் குரல் கொடுத்திருப்பவர் யோஷிட்சுகு மட்சுவோகா. 'டீமன் ஸ்லேயர்' தொடரில் இனோசுகேவாகக் கத்துகிறவர். தேன் தடவிய பேச்சிலிருந்து கீச்சிடும் பதற்றத்துக்கு ஒரே மூச்சில் இறங்குகிறார். ஜப்பானிய ஒலியில், வசனவரிகளோடு பார்ப்பதையே பரிந்துரைப்பேன்.

குறைகள் இல்லாமல் இல்லை. மனமாற்றம் இரண்டே அத்தியாயங்களில் முடிந்துவிடுகிறது. அவன் தனியாக வாழ்கிறவன், பெற்றோர் வெளிநாட்டில் இருக்கிறார்கள் என்பதெல்லாம் போகிறபோக்கில் சொல்லப்படுவதோடு சரி. அந்தத் தனிமைக்கு ஓர் அத்தியாயம் ஒதுக்கியிருக்கலாம். இரண்டாம் பருவத்தில், இடம்விட்டு இடம் தாவும் எதிரியான ஷிமசாக்கி எவ்வளவு வலியவன் என்று காட்டுவதற்கான அளவுகோலாகவே அவன் பெரும்பாலும் பயன்படுகிறான். ரிட்சுவும் மற்றவர்களும் கூடவே அடிவாங்குவதால் ஒருவாறு பொறுத்துக்கொள்ளலாம்.

ஆனால் மூன்றாம் பருவத்தின் இறுதிப் பகுதி இந்தக் கணக்கையெல்லாம் தீர்த்துவிடுகிறது. கட்டுப்பாடிழந்த மாப் நகரைச் சிதைத்துக்கொண்டு நடக்கையில், தடுக்க முன்வருபவர்களில் டெருவும் ஒருவன். அன்று பள்ளியைப் பெயர்த்த அதே சக்தி. தன்னால் வெல்ல முடியாது என்பது அவனுக்குத் தெரியாததல்ல. அந்தப் பள்ளிச் சண்டை வரும் முதல் பருவத்தின் நான்காம், ஐந்தாம் அத்தியாயங்களை மறுபடி பார்த்துவிட்டு உடனே இதைப் பார்த்தால், ஒரே ஆளோடு அவன் இரண்டு முறை மோதியதன் வேறுபாடு பளிச்சென்று தெரியும்.

ஓஎன் எழுதி வரைந்த மூலப் படக்கதை 16 தொகுதிகள். அதன் கோடுகள் கோணல்மாணலாக இருக்கும். டெருவின் மழித்த தலைக்கு அந்தக் கோணலே ஒரு தனிச் சுவை. சண்டைக் காட்சிகளில் மட்டும் போன்ஸ் நிறுவனத்தின் அசைவூட்டம் மூலத்தைத் தாண்டிவிடுகிறது. புதிதாகத் தொடங்குபவர்கள் அனிமேயிலிருந்தே தொடங்கலாம். ஐந்தாம் அத்தியாயம் முடிந்தும் சிரிப்போ கலக்கமோ வராவிட்டால் தயங்காமல் விட்டுவிடுங்கள்; மீதமுள்ள 32 அத்தியாயங்களும் ஏறக்குறைய இதே குணத்தில்தான் ஓடுகின்றன.