ஏரோ பார் வாங்கலாமா? ஆறு மாசம் ஈசிஆரில் ஓட்டிய அனுபவம்

சைக்கிள் ஹேண்டில் பாரில் மாட்டி, முழங்கையை ஊன்றிக் குனிந்து ஓட்டுவதற்கான, முன்னால் நீண்ட கொம்பு மாதிரியான ஏரோ பார் ஒன்றை வாங்கி ஆறு மாசம் ஆகிறது. அலுமினியம், கிளிப்-ஆன் வகை, நாலாயிரத்துச் சொச்சம். புதுச்சேரியில் விடியற்காலையில் ஓட்டுகிற நண்பர்கள் பலரும் "பிரயோஜனம் உண்டா?" என்று கேட்டுக்கொண்டே இருப்பதால் விவரமாகவே எழுதிவிடுகிறேன். உண்டு. ஆனால் மாட்டிய அன்றைக்கே கிடைக்காது.

இந்த ஆசையை என் மண்டையில் ஏற்றியவர் எங்கள் தெரு சொல்தா தாத்தா. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்துவிட்டு பென்ஷனோடு ஊர் திரும்பியவர், ஜூலை மாசம் வந்துவிட்டால் சாயங்காலம் அவர் வீட்டு டிவியில் மூணு வாரம், நாளுக்கு ஒரு ஸ்டேஜாக நடக்கும் டூர் தெ பிரான்ஸ் சைக்கிள் பந்தயம் தவிர வேறு எதுவும் ஓடாது. 1989 டூர் நடந்தபோது அவர் பிரான்சில்தான் இருந்தார். அந்தக் கடைசி நாளைச் சொல்லும்போது இப்போதும் அவருக்குக் குரல் கம்மிவிடும்.

ஜூலை 23, வெர்சாயிலிருந்து பாரிஸ் ஷான்ஸ் எலிசே வரை 24.5 கிலோமீட்டர், ஒவ்வொருவராகத் தனியே ஓட்டும் டைம் ட்ரையல். மொத்த நேரத்தில் முதலில் இருப்பவருக்கான மஞ்சள் ஜெர்சி போட்டிருந்த பிரான்சின் லொரான் ஃபின்யோன் 50 செகண்டு முன்னிலை. ரெண்டாவது இடத்தில் அமெரிக்காவின் கிரெக் லெமாண்ட், ரெண்டு வருஷத்துக்கு முன்னால் வேட்டைக்குப் போன இடத்தில் துப்பாக்கிச் சூடு பட்டு, உடம்பில் இன்னும் ரவைகள் தங்கியிருந்த மனுஷன். கிலோமீட்டருக்கு ரெண்டு செகண்டு வீதம் பிடுங்கினால்தான் உண்டு. அவர் சைக்கிளில் ட்ரையத்லான்காரர்கள் (நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூணையும் சேர்த்துப் போட்டி போடுபவர்கள்) வைத்திருந்த அந்த நீட்டிய பார் இருந்தது, தலையில் காற்றைக் கிழிக்கும் ஹெல்மெட் இருந்தது. ஃபின்யோனுக்கு ரெண்டும் இல்லை, கட்டிய முடி பின்னால் பறக்க ஓட்டினார். போதாததற்கு சீட்டில் உட்கார முடியாத இடத்தில் கட்டி வேறு. லெமாண்ட் 26 நிமிஷம் 57 செகண்டில் முடித்தார், சராசரி வேகம் மணிக்கு 54.5 கிலோமீட்டர். ஃபின்யோன் 58 செகண்டு பின்னால் வந்தார். மூணு வாரம், 3,285 கிலோமீட்டர் ஓட்டிய பிறகு, 8 செகண்டில் டூர் போய்விட்டது. ஆண்கள் டூரில் இன்றைக்கு வரை இதைவிடக் குறைந்த வித்தியாசம் கிடையாது.

"அந்த ரெண்டு கொம்பு மட்டும் இல்லன்னா ஃபின்யோன்தான் தம்பி" என்பார் தாத்தா. நானும் அப்படி நம்பித்தான் வாங்கினேன்.

ஆன்லைனில் வாங்கியதில் முதல் தலைவலி, கிளாம்புக்கும் பாருக்கும் நடுவே இடைவெளியை அடைக்க வைக்கும் ஷிம் என்கிற தகடு தப்பான அளவில் வந்தது. என் பார் 31.8 மில்லிமீட்டர், வந்ததோ சின்ன பாருக்கானது. மாற்றித் தர மூணு வாரம் இழுத்தார்கள். அப்புறம் முத்தியால்பேட்டையில் நான் வழக்கமாகப் போகும் சின்னக் கடையில் கொடுத்தேன். அந்த அண்ணன் அவசரப்படவே இல்லை, என்னைச் சைக்கிளில் உட்காரவைத்து, முழங்கை தாங்கும் பேடை ஒவ்வொரு துளையாக உள்ளே நகர்த்தி, "இப்ப மூச்சு இழுத்துப் பாருங்க" என்று கேட்டுக் கேட்டு முடுக்கினார். அதற்கு அவர் வாங்கிய கூலி ரொம்பக் கம்மி என்று எனக்கு இன்னும் உறுத்துகிறது.

வேகத்தை அளக்க, காலாப்பட்டிலிருந்து வடக்கே மரக்காணம் பக்கம் 12.25 கிலோமீட்டர் போய் அதே தூரம் திரும்புவது என்று வைத்துக்கொண்டேன். அந்த 24.5 கிலோமீட்டர் கணக்கு வரவேண்டும் என்பதற்காகத்தான். போக வர ஓட்டினால் காற்றும் ஓரளவு நேராகிவிடும். ஏரோ பார் இல்லாமல் எனக்கு 49 நிமிஷம். மாட்டி முதல் வாரம் ஓட்டினால் 50-க்கு மேல் போய்விட்டது! கழுத்து பிடித்துக்கொண்டது, ரெண்டு நிமிஷத்துக்கு ஒருதரம் எழுந்து உட்கார்ந்தேன், முன்பக்கம் சாய்ந்ததில் பாரமெல்லாம் சீட்டின் மூக்கில் இறங்கி அந்த இடம் எரிந்தது. கட்டியோடு அத்தனை தூரம் ஓட்டிய ஃபின்யோன் அன்றைக்கு ஸ்டேஜில் மூணாவதாக வந்தவர் என்பது அப்போதுதான் எனக்கு உண்மையாகவே உறைத்தது.

சீட்டை ஒரு சென்டிமீட்டர் முன்னால் தள்ளி, மூக்கை லேசாகத் தாழ்த்தினேன். தினமும் அஞ்சு நிமிஷம், பத்து நிமிஷம் என்று குனிந்து ஓட்டிப் பழகினேன். ரெண்டு மாசம் கழித்து 46 நிமிஷம் 30 செகண்டு. அதே கால், அதே சைக்கிள். முப்பதைத் தாண்டிய வேகத்தில் நம் உழைப்பில் பெரும்பகுதி காற்றைத் தள்ளவே போகிறது, கை ரெண்டும் நெஞ்சுக்கு முன்னால் ஒடுங்கினால் அந்தக் காற்று குறைகிறது, அவ்வளவுதான் விஷயம். ஆனால் ஒடுங்கிய நிலையிலேயே இருக்க உடம்பு சம்மதிக்க வேண்டும். லெமாண்ட் அந்த பாரைக் கடைசி நாளில் திடீரென்று எடுத்து மாட்டவில்லை. அதே டூரில் அஞ்சாவது ஸ்டேஜ், தினாரிலிருந்து ரென் வரை 73 கிலோமீட்டர் டைம் ட்ரையல், அதையும் இதே பாரோடு ஓட்டி ஜெயித்து மஞ்சள் ஜெர்சி வாங்கியவர். இதைச் சொன்னபோது தாத்தா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அதுவும் சரிதான்" என்றார்.

குறை என்று பார்த்தால் பேடின் துணி. வியர்வை ஊறி, என்ன துவைத்தாலும் வாடை போவதில்லை. போல்ட் அதைவிட மோசம், கடல் காற்றில் மூணே மாசத்தில் தலை செம்மண் நிறமாகி ஆலன் கீ வழுக்க ஆரம்பித்துவிட்டது. அண்ணனிடமே நாலு ஸ்டெயின்லெஸ் போல்ட் வாங்கி கிரீஸ் தடவிப் போட்டேன், அதற்குப் பிறகு தொந்தரவு இல்லை. கடலோரத்தில் இருப்பவர்கள் முதல் நாளே இதைச் செய்துவிடுங்கள்.

ஊருக்குள் இதில் சாய்ந்து ஓட்டவே ஓட்டாதீர்கள். கை பிரேக்கிலிருந்து தள்ளி இருக்கிறது. கோட்டக்குப்பத்தில் காலை ஆறு மணிக்கு ஒரு டிவிஎஸ் குறுக்கே வந்தபோது நான் பிரேக்குக்குக் கை மாற்றுவதற்குள் உயிர் போய் வந்தது. நாலைந்து பேராக ஒட்டி ஓட்டும்போதும் வேண்டாம். டூரிலேயே எல்லோரும் சேர்ந்து ஓட்டும் ஸ்டேஜ்களில் இதற்கு அனுமதி இல்லை. பீச் ரோடு, மார்க்கெட், ஆபீஸ் என்று ஓட்டுபவர்களுக்கு இது வீண் செலவு. காலாப்பட்டுக்கு அந்தப் பக்கம் சவுக்குத் தோப்புகளை ஒட்டித் தனியாக நீண்ட தூரம் ஓட்டுபவர் என்றால் வாங்குங்கள், ரெண்டு மாசம் பொறுமையாகப் பழகுங்கள். அஞ்சுக்கு நாலு கொடுப்பேன். குறைத்த ஒண்ணு அந்த போல்ட்டுக்கு.