பழைய கான் 6எம் ஆல்டோ: எட்டு மாதம் வாசித்த பிறகு

முதல் மூன்று வாரம் இந்தப் பழைய ஆல்டோ சாக்ஸபோனை வந்த விலைக்குத் தள்ளிவிட்டுத் தலைமுழுகிவிடலாம் என்றுதான் இருந்தேன். படமெல்லாம் எடுத்து விளம்பரம்கூட எழுதி வைத்துவிட்டேன். லோ பி (கீழ்க்கோடி ஸ்வரங்களில் ஒன்று) வாசித்தால் பழைய மோட்டார் பம்பு மாதிரி கடகடவென்று அடித்தது, நடு டி சுருதி ஏறிப்போய்க் கத்தியது, உள்ளங்கையால் அழுத்தும் மேல் கீகளுக்குப் போனால் சுருதி காட்டும் ட்யூனரின் முள் ஏறின பக்கமே சாய்ந்து அங்கேயே குடியிருந்தது. இப்போது எட்டு மாதம் ஆகிறது. என்னுடைய புது ஆல்டோவைக் கடைசியாக எப்போது பெட்டியிலிருந்து எடுத்தேன் என்று யோசித்துத்தான் சொல்ல வேண்டும். நடுவில் இந்தக் குழல் மாறிவிடவில்லை, அதன் மேல் ஒட்டியிருந்ததும் அதன் முனையில் நான் செருகியதும்தான் மாறின. அதனால் இந்த விமர்சனத்தில் பாதி பேட் (துளையை மூடும் மெத்தை) பற்றியும் மவுத்பீஸ் (வாய் வைத்து ஊதும் முனை) பற்றியும் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தெரியாதவர்களுக்கு: கான் என்பது அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தில் எல்கார்ட் என்ற ஊரில் இருந்த பெரிய வாத்திய நிறுவனம். ப்யூஷர், மார்ட்டின் என்ற வாத்திய நிறுவனங்கள் இரண்டும்கூட அதே ஊர்தான். 6எம் அவர்களுடைய உயர்தர ஆல்டோ, 1930களின் நடுவில் வந்தது. பெல்லில், அதாவது குழலின் விரிந்த வாயில், ஒரு பெண்ணின் உருவம் செதுக்கியிருக்கும், சாக்ஸபோன்காரர்கள் மாடல் எண்ணை விட்டுவிட்டு அந்தப் பெண்ணை வைத்தே இதற்குப் பட்டப்பெயர் கொடுத்திருக்கிறார்கள். என்னிடம் இருப்பது 1930களின் கடைசியில் செய்தது என்று பின்பக்கத்து வரிசை எண் சொல்கிறது.

இதில் கவனிக்க இரண்டு விஷயம். ஒன்று, துளைகளின் விளிம்பு வெளிப்பக்கமாக மடித்து உருட்டப்பட்டிருக்கும், விரலால் தடவினால் தம்ளர் வாய் போல மழமழவென்று இருக்கும். 1947 வாக்கில் கான் இதை நிறுத்திவிட்டார்கள். இதனால் தொனி மாறுகிறது என்று சத்தியம் பண்ணுகிறவர்கள் உண்டு, என் காதுக்கு அப்படி ஒன்றும் தெரியவில்லை. பேட் உட்கார அகலமான இடம் கிடைக்கிறது, அது நல்லதுதான். ஆனால் விளிம்பு சமமில்லாமல் போய்விட்டால் சாதாரணத் துளையைப் போல அரம் வைத்து ராவிவிட முடியாது, ராவினால் மடிப்பே தேய்ந்து பிளந்துவிடும். யாராவது ஏற்கனவே ராவியிருந்தால் அந்த உருண்ட விளிம்பின் உச்சியில் தட்டையாக ஒரு வளையம் தெரியும். வாங்கும்போது பார்க்க வேண்டிய முதல் இடம் இது.

இரண்டாவது, நெக்கின் (உடலையும் மவுத்பீஸையும் இணைக்கும் வளைந்த குழாய்) முனையில் இருக்கும் மைக்ரோட்யூனர். மற்ற சாக்ஸபோனில் மவுத்பீஸைக் கார்க்கின் மேல் முன்னே பின்னே தள்ளி சுருதி சேர்ப்போம், இதில் மவுத்பீஸை ஒரே இடத்தில் இருத்திவிட்டு ஒரு வளையத்தைத் திருகினால் போதும். அழகான யோசனை. ஆனால் பழைய குழல்களில் இது இறுகிப்போய்த் திரும்பாமலோ உள்ளே காற்று கசிந்தோ கிடப்பது சகஜம். திரும்பவில்லை என்றால் இடுக்கி போட்டு முறுக்காதீர்கள், நெக்கே முறுக்கிக்கொள்ளும்.

சரி, வாங்கின கதை. விற்றவர் “வாசிக்கத் தயார்” என்று போட்டிருந்தார். இந்த இரண்டு சொல்லுக்குப் பழைய வாத்தியச் சந்தையில் என்ன பொருள் என்றால், அவர் அழுத்திப் பிடித்து ஊதினால் நடு ஸ்தாயியில் நாலு ஸ்வரம் வந்தது என்று பொருள். நான் நேரில் போய்ப் பார்த்துத்தான் வாங்கினேன், அதுதான் கேவலம். பளபளப்பைப் பார்த்தேன், செதுக்கலைப் பார்த்தேன், ஜாஸ் மேதை சார்லி பார்க்கர் 1940களில் 6எம் வாசித்ததை நினைத்துக்கொண்டேன், பணத்தை எண்ணிக் கொடுத்துவிட்டேன். (அதே சார்லி பார்க்கர் 1953-இல் டொரண்டோவின் மாசி ஹாலில் பிளாஸ்டிக்கில் செய்த கிராஃப்டன் ஆல்டோவை வாசித்தார் என்பதும் எனக்குத் தெரியும். வல்லவனுக்குப் புல்லும் ஆயுதம். நான் வல்லவன் இல்லையே, எனக்குப் பேட் ஒழுங்காக மூட வேண்டும்.)

நான் பார்க்காமல் விட்டதையெல்லாம் இப்போது சொல்கிறேன், நீங்களாவது பாருங்கள். நெக்கைக் கழற்றிப் பக்கவாட்டில் பிடித்து வளைவைப் பாருங்கள். யாராவது மவுத்பீஸை முரட்டுத்தனமாக அழுத்தி அழுத்தி நெக் கீழே இறங்கியிருந்தால் வளைவின் அடிப்பக்கம் லேசாக மடிந்திருக்கும், வட்டமாக இருக்க வேண்டிய குழாய் முட்டை வடிவத்துக்குப் போயிருக்கும். அதோடு சுருதியும் போயிருக்கும். நெக் அந்தக் குழலோடு பிறந்ததுதானா என்பதும் முக்கியம், 6எம் நெக்கில் ஆக்டேவ் கீ (ஸ்தாயி ஏற்றும் கீ) அடிப்பக்கமாக ஓடும், வேறு எதையோ கொண்டுவந்து செருகினால் அது சேராது. அப்புறம் உடலை ஒரு கண்ணை மூடிக்கொண்டு துப்பாக்கிக் குழல் போல நீளவாக்கில் பாருங்கள், கீழே விழுந்து வளைந்த குழலில் கீகளைத் தாங்கும் நீளமான ராடுகள் பிடித்துக்கொள்ளும், கீ மெதுவாகத் திரும்பும். கீகளை நுனியில் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டினால் சத்தம் வருகிறதா, பெல்லைத் தாங்கும் கம்பியின் அடியில் மறுபடி பற்றவைத்த ஈயத் தழும்பு இருக்கிறதா, அதுவும் பார்க்க வேண்டும். சின்ன ஒடுக்குக்கெல்லாம் பயப்படாதீர்கள், ஒடுக்கு எடுத்துவிடலாம்.

அப்புறம் அந்தப் பளபளப்பு. எண்பது வருஷத்துக் குழல் கண்ணாடி போல மின்னினால் சந்தோஷப்படாதீர்கள், சந்தேகப்படுங்கள். யாரோ பித்தளை மேலிருந்த பழைய லேக்கர் பூச்சை உரித்து, மெஷினில் பாலிஷ் போட்டு, புது லேக்கர் அடித்திருப்பார்கள். செதுக்கலின் கோடுகளும் வரிசை எண்ணும் மழுங்கிப்போயிருந்தால் அதுதான் அடையாளம், பித்தளையும் அந்த அளவுக்குத் தேய்ந்திருக்கிறது. என்னுடையது அப்படி மழுங்காமல் தப்பித்தது, அதற்கு என் சாமர்த்தியம் காரணம் இல்லை. லேக்கர் பாதி உரிந்து பழுப்பேறிக் கிடப்பதுதான் பெரும்பாலும் நல்ல சகுனம். வெள்ளி முலாம் போட்டது கறுத்திருந்தால் அது அழுக்கு, அவ்வளவுதான்.

மூன்று வாரம் மல்லுக்கட்டிய பிறகு ஒரு பழுதுபார்ப்பவரிடம் கொண்டுபோனேன். அவர் வாசித்தே பார்க்கவில்லை. விளக்கை அணைத்தார், குழலுக்குள் ஒரு மெல்லிய விளக்குச் சரத்தை இறக்கினார், கீகளை ஒவ்வொன்றாக லேசாக மூடச் சொன்னார். இருட்டில் என் சாக்ஸபோன் துளைத்த பானை போல ஒளிர்ந்தது. மூடியிருக்க வேண்டிய ஜி ஷார்ப் பேடின் ஒரு ஓரத்தில் பிறை போல வெளிச்சம், எஃப் பேடின் அடியில் ஒரு கோடு, கீழே இரண்டு மூன்று இடத்தில் கசிவு. ஒரு ஸ்வரத்துக்கு மேலே எங்கே கசிந்தாலும் அந்த ஸ்வரம் தள்ளாடும், லோ பி என்பது கிட்டத்தட்ட எல்லாத் துளையும் மூடினால்தான் வருவது, அதனால் அத்தனை கசிவும் சேர்ந்து அதன் தலையில் விழுந்திருக்கிறது. நான் என்னவோ என் உதடு சரியில்லை என்று தினம் அரை மணி நேரம் நீள ஸ்வரம் பிடித்துக்கொண்டிருந்தேன். வீட்டில் விளக்குச் சரம் இல்லையென்றால் சிகரெட் சுற்றும் தாள் போதும்: மெல்லிய கீற்றாகக் கிழித்து பேடுக்கும் துளைக்கும் நடுவில் வைத்து, கீயை லேசாக மூடி, மெதுவாக இழுங்கள், சுற்றிலும் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி பிடிக்க வேண்டும்.

முழு ஓவர்ஹால் ஆனது: பேட், கார்க், ஃபெல்ட், துருப்பிடித்த சில ஸ்பிரிங், ஆடிக்கொண்டிருந்த கீ குழாய்களை இறுக்கியது, மைக்ரோட்யூனரைக் கழற்றிச் சுத்தம் செய்தது. வாங்கிய விலையில் பாதிக்கு மேல் இதற்கே போனது. அழுதுகொண்டேதான் கொடுத்தேன், ஆனால் இதை முதலிலேயே கணக்கில் சேர்த்திருக்க வேண்டும். அடுத்த தடவை பழைய ஆல்டோவை விலை பேசும்போது, சமீபத்தில் ஓவர்ஹால் செய்ததற்குக் காட்ட எதுவும் இல்லையென்றால், அந்தச் செலவை மனதில் கூட்டிக்கொண்டு பேசுவேன். விற்பவர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

கசிவு போனது, லோ பி வந்தது. கடகடப்பும் சுருதி ஏற்றமும் முழுதாகப் போகவில்லை. யாரோ சொன்ன பழைய வைத்தியம் ஒன்றைச் செய்தேன், மவுத்பீஸ் மூடியைப் பெல்லுக்குள் போட்டு அடி வளைவுக்கு உருண்டு போகவிட்டேன், கடகடப்பு சட்டென்று நின்றது. சிரிப்புத்தான் வந்தது. ஒவ்வொரு தடவையும் குழலைக் கவிழ்த்து மூடியை வெளியே எடுப்பது தலைவலி, அதனால் நிஜமான காரணத்தைத் தேடினேன். மவுத்பீஸ்.

சாக்ஸபோன் ஒரு கூம்பு, ஆனால் அதன் கூர்முனை வெட்டப்பட்டிருக்கிறது, அங்கே வாய் வைக்க வேண்டுமே. வெட்டிய முனைக்குள் எவ்வளவு காற்று இருந்திருக்குமோ அவ்வளவு காற்றை மவுத்பீஸின் உட்பகுதி ஈடுகட்ட வேண்டும். 1930களின் அமெரிக்கக் குழல்கள் உள்ளே அகலமான, உருண்டையான அறை கொண்ட மவுத்பீஸை நம்பிச் செய்தவை. நான் செருகியிருந்ததோ, உள்ளே மேடு தூக்கி, அறை குறுகி, பளீரென்று கத்துவதற்காகச் செய்த இன்றைய மவுத்பீஸ். கீழ் ஸ்தாயிக்கு சுருதி சேர்த்தால் மேல் ஸ்தாயி ஏறுகிறது, மேலே சரிசெய்தால் கீழே தொங்குகிறது, மைக்ரோட்யூனரை எவ்வளவு திருகினாலும் இதற்குப் பதில் இல்லை. பெரிய அறை உள்ள ஒரு சாதாரண ரப்பர் மவுத்பீஸை மாட்டினேன். முதல் ஸ்கேலிலேயே ட்யூனர் முள் நடுவுக்கு வந்துவிட்டது என்று சொன்னால் கொஞ்சம் மிகை. நடு டி இன்னும் சற்றே ஏறித்தான் இருக்கிறது, பல ஆல்டோக்களில் அது அப்படித்தான், தாடையைக் கொஞ்சம் தளர்த்திக்கொள்ள வேண்டும். மற்றபடி ஸ்தாயிகள் ஒன்றோடொன்று சேர்ந்துவிட்டன, மூடியும் பெட்டிக்குத் திரும்பிவிட்டது.

தொனியைப் பற்றி எழுத வார்த்தை கொஞ்சம்தான் இருக்கிறது, “சூடான”, “இருண்ட” என்று எல்லாரும் எழுதுவதை நானும் எழுத வேண்டாம். புது ஆல்டோவில் ஸ்வரம் ஒரு கோடு போல நேராகப் போகிறது. இதில் அதே ஸ்வரம் அறை முழுக்கப் பரவுகிறது, கீழ் டியிலிருந்து இறங்க இறங்க தரை லேசாக அதிர்கிற மாதிரி ஒரு கனம். மெதுவாக ஊதினாலும் தொனி மெலிந்துபோவதில்லை, பலமாக ஊதினால் எதிர்த்து நிற்காமல் எவ்வளவு கொடுத்தாலும் வாங்கிக்கொள்கிறது. அதுவே பிரச்சினையும்கூட: நாலு ஊதுகுழல்காரர்களோடு ஒரு வரிசையில் உட்கார்ந்தால் என் சத்தம் மற்றவர்களோடு கலக்காமல் தனியாகத் துருத்திக்கொண்டு நிற்கிறது.

கைக்குப் பழக மாதக்கணக்கில் ஆகும். இன்றைய ஆல்டோக்களில் லோ பி, பி ஃபிளாட் பேட்கள் பெல்லின் வலப்பக்கம், இதில் இடப்பக்கம், அதனால் இடது சுண்டுவிரலுக்கான கீ மேடையின் அமைப்பே வேறு. ஜி ஷார்ப்பிலிருந்து லோ பி ஃபிளாட்டுக்கு வேகமாகச் சறுக்குவது எனக்கு இன்னும் கைவரவில்லை. உங்கள் சுண்டுவிரல் குட்டை என்றால் வாசித்துப் பார்க்காமல் வாங்காதீர்கள். மேல் எஃப் ஷார்ப்புக்குத் தனி கீ கிடையாது, அது இல்லாமலே வாசித்துப் பழகிவிட்டேன்.

இதே காசுக்கு வேறு என்ன வாங்கலாம்? செல்மர் மார்க் 6 இதே காசுக்கு வராது. 1954-இல் வந்த மாடல், அதற்குப் பின் வந்தவர்கள் பெரும்பாலும் அதன் கீ அமைப்பைத்தான் பின்பற்றுகிறார்கள், கையில் எடுத்ததும் ஏன் என்று புரியும். ஆனால் அதன் விலையில் பெரும்பகுதி பெயருக்குக் கொடுப்பது, ஐந்து இலக்க வரிசை எண் என்றால் இன்னும் ஏற்றிச் சொல்வார்கள். ஜாஸ் கலைஞர் கேனன்பால் ஆடர்லி வாசித்த கிங் சூப்பர் 20-யும் அந்த வரிசைக்கு வந்துவிட்டது. ப்யூஷர் அரிஸ்டோக்ராட்தான் என் கணக்கில் குறைவாக மதிக்கப்படும் குழல், சுருதி நன்றாக இருக்கும், தொனி 6எம் அளவுக்குப் பரவாது. மார்ட்டினை நான் கொஞ்ச நேரம்தான் வாசித்திருக்கிறேன். முதல் சாக்ஸபோன் வாங்குகிறீர்கள் என்றால் இது எதுவும் வேண்டாம், பழைய யமாஹா மாணவர் மாடல் ஒன்றை நல்ல நிலையில் வாங்கி வாசியுங்கள். தப்பு வாத்தியத்திலா உங்களிடமா என்று பிரித்துப் பார்க்க முடியாத நிலையில் பழைய குழல் ஒரு தண்டனை.

1920களின் குழல்களைத் தேடுகிறவர்களுக்கு மட்டும் ஒரு எச்சரிக்கை. அந்தக் காலத்தில் சி மெலடி என்று ஆல்டோவைவிடக் கொஞ்சம் பெரிய சாக்ஸபோன் ஏராளமாக விற்றது, நேரான நெக் வைத்த கான் சி மெலடியைப் படத்தில் பார்த்தால் ஆல்டோ என்றே தோன்றும், விற்பவருக்கே தெரியாமல் ஆல்டோ என்று போட்டிருப்பார்கள். அதே காலத்தில் உயர் சுருதிக் குழல்களும் உண்டு, இன்றைய பொதுச் சுருதியான ஏ 440-க்கு அவை இறங்கி வரவே வராது, நெக்கை மாற்றினாலும் மவுத்பீஸை மாற்றினாலும் நடக்காது. வரிசை எண் பக்கத்தில் “எல்” என்றோ “லோ பிட்ச்” (இன்றைய சுருதிக்குச் சேருவது) என்றோ பொறித்திருக்கிறதா என்று படம் கேட்டு வாங்கிப் பாருங்கள்.

6எம்-க்கு மதிப்பெண் போடச் சொன்னால் தொனிக்குப் பத்துக்குப் பத்து, சுண்டுவிரலுக்கு ஐந்து, அதன் பழைய பெட்டிக்கு ஒன்று. மூன்று நாள் வெயிலில் திறந்து வைத்தும் அந்தப் பூஞ்சை வாடை போகவில்லை, கடைசியில் வேறு பெட்டி வாங்கினேன். விற்கலாம் என்று எடுத்த படங்கள் இன்னும் போனில் இருக்கின்றன. போன வாரம் சும்மா பெரிதாக்கிப் பார்த்தேன், இரண்டாவது படத்தில் ஜி ஷார்ப் பேடின் ஒரு ஓரம் தூக்கிக்கொண்டு நிற்பது நன்றாகவே தெரிகிறது.